மாம்பழ வாசனைப் பேனா

ரெட்டியார்பாளையம், புதுச்சேரி
23 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ஜானகிராமன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும், மகன் தெய்வநாயகமும், மருமகள் நிர்மலாவும், பேரன் அபியும் சௌக்கியம். பிரான்சில் இப்போது வெயில் காலம் என்பதால் உன் முழங்கால் வலி கொஞ்சமாவது தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் பேசினால் உன் காது மிஷின் விசிலடிக்கிறது. எனக்கோ போனைக் கையில் எடுத்ததும் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. கடிதம்தான் நமக்குச் சரிப்படும்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அபி படிக்கும் பள்ளிதான். ஒரு பெண், சிந்துஜா, பதினொன்றாம் வகுப்பு. கூட வந்த பையன் வெற்றிவேல். பிள்ளைகளே சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். புகையிலை, சிகரெட் பக்கம் போகும் பிள்ளைகளை இவர்களே பேசித் திருப்புவார்களாம். நான் அரசு அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாக இருந்தது யார் மூலமோ தெரிந்து, தங்கள் விழிப்புணர்வு அட்டைகளைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டார்கள்.

"எட்டாவது பசங்ககூட வேப் அடிக்கிறாங்க தாத்தா" என்றாள் அந்தப் பெண்.

வேப்பிலை அடிப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன். "அது அம்மன் கோயில்ல அடிக்கிறதாச்சேம்மா, பள்ளிக்கூடத்துல எதுக்கு?" என்று கேட்டேன்.

வெற்றிவேல் விழுந்து விழுந்து சிரித்தான். "அது சாமி வர்றதுக்கு அடிக்கிறது தாத்தா. இது சாமிகிட்ட போறதுக்கு அடிக்கிறது."

கரண்டில் வேலை செய்யும் சிகரெட் என்று அப்புறம் விளக்கினார்கள். நம் நாட்டில் அதை விற்கவே தடையாம், ஆனாலும் கிடைக்கிறதாம். கரண்டு என்றதும் வயர் இருக்கும் என்று எனக்குள் ஒரு படம் போட்டுக்கொண்டேன். அது பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை சிரித்துவிட்டார்களே.

அட்டைகளில் பெரியது அவர்களுடைய விதி. "பேர் கேக்க மாட்டோம், பேர் சொல்ல மாட்டோம்." உதவி கேட்டு வருகிற பிள்ளை யாரென்று ஆசிரியருக்கோ வீட்டாருக்கோ சொல்ல மாட்டார்களாம். சொன்னால் மறுநாள் ஒருவனும் வர மாட்டான் என்றாள் சிந்துஜா. 'கேக்க' என்பதைக் 'கேட்க' என்று மாற்றினேன். "கேக்குன்னு இருந்தாதான் தாத்தா கூட்டம் சேரும்" என்றான் அந்தக் குறும்பன்.

அந்தப் பெண்ணின் அப்பா ஹான்ஸ் புகையிலை போட்டுப் போட்டு வாய் திறக்க முடியாமல் போனவராம். சோற்றைக் கரைத்துத்தான் குடிக்கிறார். அம்மா மீன் விற்றுக் குடும்பம் நடத்துகிறாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, அடுத்த அட்டையை எடுத்து நீட்டினாள்.

அபி அந்தக் குழுவில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு, படிக்க வேண்டும் என்கிறான். அதுவும் நியாயம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

என்றும் உன் தம்பி,
ஜானகிராமன்


சார்செல், பிரான்ஸ்
20 ஜூலை 2024

தம்பி ஜானகிக்கு, அக்கா அஞ்சலாட்சியின் ஆசிகள்.

நான் இருக்கிறேன். முழங்காலும் கூடவே இருக்கிறது, இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு நடக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு. நிர்மலா என்ன சமைத்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்.

வேப்பிலை விஷயத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு உன்னால் ஆனதைச் செய். உங்க மாமாவுக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சாப்பாட்டோடு சிகரெட்டும் கொடுத்தார்கள். அந்தச் சொல்தா வேலை, சிப்பாய் வேலை, முடிந்து பென்ஷன் வந்தது, இருமலும் வந்தது. கடைசி இரண்டு வருஷம் நான் தூங்கியதில்லை. அப்போது இப்படி நாலு பிள்ளைகள் அவரைச் சுற்றி இருந்திருக்கலாம்.

இங்கே பக்கத்து வீட்டுச் சொர்ணத்தின் மகள் ஆகஸ்டில் புதுச்சேரிக்கு வருகிறாள், அவளிடம் பார்சல் கொடுத்திருக்கிறேன். நிர்மலாவுக்கு சென்ட், தெய்வநாயகத்துக்கு ஷேவிங் கிரீம், உனக்குப் பனியன். அபிக்கு என்று என் பேரன் விஜய் ஒரு சின்னப் பெட்டியை உள்ளே வைத்தான். பிரித்துப் பார்த்தேன். கலர் கலராகப் பருத்த பேனாக்கள், அரை டஜன். "என்னடா இது?" என்றேன். "படிக்கிற வரி மேல கோடு போடுற பேனா ஆயா, வாசனை வரும்" என்றான். முகர்ந்து பார்த்தேன். அசல் மாம்பழம். பார்சலைக் கட்டும்போது எனக்கே எச்சில் ஊறியது.

விஜய்க்கும் அபிக்கும் போனில் தினம் பேச்சுதான். தூரத்தில் இருந்தாலும் பிள்ளைகள் ஒட்டுதலாக இருக்கிறார்கள், அது போதும்.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அக்கா


ரெட்டியார்பாளையம்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

அனைவரும் நலம். உன் பார்சல் வந்து சேர்ந்தது. பனியன் கச்சிதமாக இருக்கிறது. நிர்மலா சென்ட்டை அடித்துக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டு வந்தாள்.

உன்னிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன், சொல்லிவிடுகிறேன். சுதந்திர தினத்தன்று எங்கள் தெருக்கோடி மாரியம்மன் கோயில் வாசலில் பிள்ளைகள் கூட்டம் போட்டார்கள். வாசகம் எழுதும் போட்டிக்கு என்னை நடுவராக உட்காரவைத்தார்கள். மேடையில் உட்கார்ந்தாலே எனக்கு வியர்க்கும், உனக்குத் தெரியும். சிந்துஜாவின் வாசகத்தை எடுத்தேன். "முதல் இழுப்பு உன் விருப்பம். அடுத்த இழுப்பு அதன் விருப்பம்." திருத்த ஒரு புள்ளிகூட இல்லை.

நடுவர் வெறுங்கையோடு போகக் கூடாதே. அபி அன்று நண்பர்களோடு வெளியே போயிருந்தான். ஒரு பையனுக்கு அரை டஜன் பேனா எதற்கு என்று அவன் பெட்டியிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒன்றை எடுத்துக் கலர்த் தாள் சுற்றி, பரிசாகக் கொடுத்துவிட்டேன். பிரான்ஸ் பேனா என்று மைக்கில் சொன்னதும் கைதட்டல் பலமாக இருந்தது. நம் ஊரில் அந்தப் பெயருக்கு இன்னும் மவுசு உண்டு.

மறுநாள் காலையில் சிந்துஜா வாசலில் வந்து நின்றாள்.

"தாத்தா, இந்தப் பேனாவை எங்க வாங்குனீங்க?"

"கடையில வாங்கலம்மா. எங்க அக்கா பிரான்ஸ்லேர்ந்து அனுப்பினது. அபிக்கு வந்ததுல ஒண்ணு" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அபி படிக்கும் அறைப் பக்கம் பார்த்தாள். "நல்லா மாம்பழ வாசனை தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அபிக்குத்தான் நான் கொடுத்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது. "யாருக்குக் குடுத்தே?" என்று கேட்டான். பெயரைச் சொன்னதும் அவன் முகம் வெளிறிவிட்டது. அன்று இரவு சாப்பிடவில்லை. பதினேழு வயதில் ஒரு பேனாவுக்கு இவ்வளவு கோபமா? கேட்காமல் எடுத்தது என் தவறுதான். முடிந்தால் விஜய்யிடம் சொல்லி ஒன்று மட்டும் அனுப்பிவைக்கவும்.

அன்புடன்,
ஜானகிராமன்


சார்செல்
12 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே மழை. பல் டாக்டரிடம் போய் வந்தேன்.

பேனா விஷயத்தை விஜய்யிடம் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தான். "அந்தக் குழுப் பொண்ணுக்கா? மேடையிலயா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டான். இன்னொன்று வாங்கிக் கொடுடா என்றால் கடையில் இல்லை என்கிறான். ஏன் சிரித்தான் என்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது.

அக்கா


ரெட்டியார்பாளையம்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். நடுவில் இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கியது, இப்போது பரவாயில்லை. உன் பல் வலி தீர்ந்ததா?

சரஸ்வதி பூஜை நல்லபடியாக நடந்தது. புத்தகங்களை அடுக்கி, என் பழைய சிவப்பு மைப் பேனாவையும் வைத்தேன். அபியிடம், பிரான்ஸ் பேனாவையும் கொண்டுவந்து சாமிகிட்ட வை என்றேன். "அது வேணாம் தாத்தா" என்றான். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். சுண்டல் செய்தார்கள்.

விஜய் ஏன் சிரித்தான் என்று கேட்டிருந்தாய். பிள்ளைகள் எதற்கும் சிரிப்பார்கள்.

சிந்துஜா என்று எழுதியிருந்தேனே, அந்தப் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் பைகளைச் சோதித்தபோது அவள் பையில் ஏதோ பொருள் இருந்ததாம். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு அவள் வாயே திறக்கவில்லையாம். குழுவைக் கலைத்துவிட்டார்கள். அது என்ன பொருள் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இங்கே பகலில் புழுக்கம் தாங்கவில்லை. தீபாவளிக்கு நிர்மலா அதிரசம் செய்வதாகச் சொல்கிறாள். உனக்குத்தான் அனுப்ப முடியாது.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

ஜானகிராமன்


சார்செல்
8 நவம்பர் 2024

ஜானகி,

நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை விஜய் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். பை சோதனை வரும் இடத்தில் அவன் குரல் நின்றுவிட்டது. உட்காரவைத்துக் கேட்டேன். சொல்லிவிட்டான்.

அது பேனா இல்லடா. அந்தப் பிள்ளைகள் உன்னிடம் சொன்ன வேப்புதான் அது. இங்கே சிகரெட் விற்கும் தபா கடையில் மிட்டாய் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். வயரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அபி கேட்டானாம், இவன் வாங்கினானாம், நான் முகர்ந்து பார்த்துக் கட்டி அனுப்பினேன். புருஷனைச் சிகரெட்டுக்குக் கொடுத்தவள், பேரப்பிள்ளைக்கு என் கையாலேயே அனுப்பியிருக்கிறேன். விஜய்யோடு நான் பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் போடுகிறேன்.

உனக்கு எப்போது தெரிந்தது? பூஜை அன்றைக்கே தெரிந்திருக்கிறது. 'பேசிக்கொண்டிருந்தோம்' என்று எழுதினாயே, அந்த ஒரு வரியில் நீ மறைத்தது எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, 'டம்ளர் கீழே இருக்கிறது' என்று சொன்னவன்தானே நீ.

பள்ளிக்கூடத்துக்குப் போ. நான்தான் கொடுத்தேன், பேனா என்று நினைத்துக் கொடுத்தேன் என்று சொல். அந்தப் பெண் வாய் திறக்க மாட்டாள், அவர்கள் விதி அது. நீ என்ன விதியா போட்டிருக்கிறாய்?

அக்கா


ரெட்டியார்பாளையம்
12 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

புயல் செய்தியை அங்கே டிவியில் பார்த்திருப்பாய். பயப்பட வேண்டாம், எல்லோரும் பத்திரமாக இருக்கிறோம். இப்படி ஒரு மழையை என் ஆயுளில் பார்த்ததில்லை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கீழ் அலமாரியிலிருந்த அகராதிகள் எல்லாம் ஊறி உப்பிவிட்டன. வெயில் வந்ததும் மொட்டை மாடியில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிகளுக்கும் பல நாள் விடுமுறை. தெய்வநாயகம் சேதராப்பட்டு கம்பெனிக்கு நாலு நாள் போக முடியவில்லை.

நீ சொன்னது எல்லாம் உண்மைதான். பூஜை அன்று அபியே சொன்னான். பரிசு கொடுத்த அடுத்த வாரமே சிந்துஜா அவனைப் பிடித்துப் பேசியிருக்கிறாள். திட்டவில்லையாம். "உனக்கு நிறுத்தணும்னு இருந்தா வா. இல்லன்னா நான் வற்புறுத்த மாட்டேன்" என்றாளாம். இவன் போயிருக்கிறான். இருந்த மிச்சத்தையும் அவள் கண்ணெதிரே உடைத்துப் போட்டிருக்கிறான். நான் கொடுத்ததை மட்டும் அவள் வைத்திருந்தாள். பேனா வடிவத்திலும் வரும் என்று குழுவுக்குக் காட்ட எடுத்துப் போன அன்றுதான் சோதனை. என் பெயரைச் சொன்னால் அபி பெயர் வரும். அபி அவளிடம் உதவி கேட்டு வந்தவன். அதனால் சொல்லவில்லை.

நவம்பரில் உன் கடிதம் வந்ததும் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். நிர்மலா வழியில் நின்றுகொண்டாள்.

"மாமா, நீங்க குடுத்தேன்னு சொன்னா அதோட நிக்குமா? உங்களுக்கு ஏதுன்னு கேப்பாங்க. புள்ளைக்குப் பரீட்சை. அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சுடுவாரு. மார்ச் வரைக்கும் பொறுத்துக்குங்க. அந்தப் பொண்ணு பதினொண்ணாவதுதானே, அதுக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கு."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், அக்கா. நான் சட்டையைக் கழற்றிவிட்டேன்.

இன்னொரு நாள் அவளுக்குத் தெரியாமல் பள்ளி கேட் வரைக்கும் போனேன். வாட்ச்மேன், "யாரைப் பாக்கணும் பெரியவரே?" என்றான். மணி என்ன என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அகராதிகளில் பிரெஞ்சு அகராதி பிழைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஜானகிராமன்


சார்செல்
10 ஜனவரி 2025

தம்பிக்கு, பொங்கல் ஆசிகள்.

அகராதி காய்ந்ததா என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனாயா? அதை மட்டும் எழுது.

அக்கா


ரெட்டியார்பாளையம்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

போனேன்.

உன் கடிதம் வந்த பிறகும் இரண்டு வாரம் கடத்தினேன். இந்த மாதம் ஏழாம் தேதி, நிர்மலா கடைக்குப் போயிருந்தபோது கிளம்பினேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, திருத்தி, மறுபடி எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தலைமையாசிரியை உட்காரச் சொன்னார். தாளை எடுக்காமலேயே சொல்லிவிட்டேன். நான்தான் கொடுத்தேன், பேனா என்று நினைத்தேன், அந்தப் பெண்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன்.

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "தெரியும் சார்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"உங்க பேரன் பொங்கல் லீவுக்கு முன்னாடியே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டான். 'எங்க தாத்தாவுக்கு ஒண்ணும் தெரியாது, அவரை இதுல இழுக்காதீங்க மேடம், பயந்துடுவாரு'ன்னு அழுதான். பரீட்சை எழுதட்டும்னு நான்தான் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னேன்."

"அப்ப அந்தப் பொண்ணு?" என்றேன்.

"டிசம்பர்லயே டி.சி. வாங்கிட்டாங்க சார். பீஸ் சலுகையை நிர்வாகம் நிறுத்திடுச்சு, அவங்க அம்மாவால கட்ட முடியல. மழைக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் வந்து சொல்லியிருந்தா, நான் நிர்வாகத்துகிட்ட பேசியிருப்பேன்."

யாராவது ஒருத்தர் என்றுதான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அவ்வளவு நல்லவர். இனிமேலாவது அவள்மேல் தப்பில்லை என்று எழுதித் தரச் சொன்னேன். நிர்வாகத்தைக் கேட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தேன். அபி படித்துக்கொண்டிருந்தான். அவன் எதிரில் உட்கார்ந்தேன். நான் அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் என்னைக் காப்பாற்றிவிட்டுப் பேசாமல் படித்துக்கொண்டிருக்கிறான். நாற்பது வருஷம் அடுத்தவர் எழுத்தில் பிழை பிடித்தவனுக்கு, தன் வீட்டில் நடந்ததைப் படிக்கத் தெரியவில்லை.

"ஸ்கூலுக்குப் போனியா தாத்தா?" என்று அவனே கேட்டான். தலையாட்டினேன்.

"நான் இன்னும் சீக்கிரம் போயிருக்கணும் தாத்தா" என்றான்.

நான் சொல்ல வேண்டிய வாக்கியம் அது.

ஜானகிராமன்


சார்செல்
12 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாதே. உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பார்சல் கட்டியவள் நான். விஜய் சொன்ன பொய்யை மோந்து பார்த்தும் நம்பியவள் நான். பிரான்சிலிருந்து போகிறது என்றால் எதுவும் நல்லது என்று உனக்கும் நினைப்பு, எனக்கும் நினைப்பு.

அந்தப் பொருளை இங்கேயும் இனி விற்கக் கூடாது என்று போன மாதம் சட்டம் போட்டுவிட்டார்கள். விஜய்தான் வந்து சொன்னான். அன்றைக்குத்தான் அவனோடு மறுபடி பேசினேன்.

இங்கிருக்கும் நம்மூர் அம்மாவாசையின் மகன் ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு பேனா கொடுத்திருக்கிறேன். இது மை ஊற்றி எழுதுகிற அசல் பேனா. நானே கடைக்குப் போய், எழுதிப் பார்த்து வாங்கினேன். காசு விஜய்யுடையது, ஒரு மாதம் ரொட்டிக் கடையில் வேலை செய்தான். அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்து, உன் கையால் கொடு. தபாலில் அனுப்பாதே. அபியிடம் கொடுத்தனுப்பாதே.

அக்கா


ரெட்டியார்பாளையம்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நாளை வருஷப் பிறப்பு. நிர்மலா மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். நீயும் விஜய்யும் நலமாக இருக்க வேண்டும். அபி பரீட்சை எழுதி முடித்தான். அன்று மாலையே அவன் அப்பாவிடம் தானே சொல்லிவிட்டான். தெய்வநாயகம் அடிக்கவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தான், அது அடியைவிட மோசம்.

சிந்துஜா வீடு கருவடிக்குப்பத்தில். அபி வண்டியில் கூட்டிப்போனான். உள்ளே வா என்றேன், நீ முதல்ல போ தாத்தா என்று வேப்ப மரத்தடியிலேயே நின்றுகொண்டான்.

ஒற்றை அறை வீடு. அவள் அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி கையைக் கூப்பினார். பேச முடியவில்லை. சிந்துஜா தரையில் அட்டைகளைப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது அரசுப் பள்ளியில் படிக்கிறாள். அங்கேயும் ஒரு குழு தொடங்கிவிட்டாளாம். வெற்றிவேல் பழைய பள்ளியிலேயே இருந்தாலும் சனிக்கிழமைகளில் வருகிறானாம்.

"வாங்க தாத்தா. ஒடம்பு எப்டி இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

தலைமையாசிரியை எழுதிக் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அந்த அம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "இத வச்சு இப்ப என்னாங்க பண்றது? அந்த ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். நான் சிந்துஜா பக்கம் திரும்பினேன்.

"நான் அப்பவே வந்து சொல்லியிருக்கணும்மா" என்றேன்.

"நீங்க வருவீங்கன்னுதான் தாத்தா நெனச்சேன்" என்றாள். "தீபாவளி வரைக்கும் நெனச்சிட்டு இருந்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வராததைச் சொல்வது போலச் சொன்னாள்.

பேனாவை எடுத்து நீட்டினேன். எங்க அக்கா குடுத்தாங்க என்றேன். அவள் வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். கழற்றியதும், என் எதிரிலேயே, அதை மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். அப்புறம்தான் தான் செய்தது அவளுக்கே உறைத்தது.

"பழக்கமாயிடுச்சு தாத்தா, தப்பா எடுத்துக்காதீங்க."

"நல்லா பாரும்மா" என்றேன். "பாத்துத்தான் வாங்கணும்."

"நீங்களே முதல்ல எழுதிக் காட்டுங்க" என்று ஒரு அட்டையைத் திருப்பி வைத்தாள். சிந்துஜா என்று எழுதினேன். நீல மை, நன்றாகவே எழுதியது. அவள் குனிந்து அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அபியை உள்ளே கூப்பிட்டாள். அவன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். "இன்னும் அடிக்கிறியா?" என்று கேட்டாள். "ஜனவரில ஒரு தடவ" என்றான். "சனிக்கிழம வா" என்றாள். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது பார்த்தேன். பேனாவை அவள் பள்ளிப் பைக்குள் வைக்கவில்லை. பை பக்கத்திலேயே இருந்தும், எழுந்து போய், போகிற வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா. இந்தக் கடிதத்தில் எதையும் விடாமல் எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

உன் தம்பி,
ஜானகிராமன்